ஏழு மைல் ஏற்றத்துக்கு ஒரு ரேடியேட்டர்

மெஸ்கிட் வெல்ஸ், அரிசோனா
6 ஆகஸ்ட் 1996, செவ்வாய் இரவு

கர்ட்டிஸ்,

இதை யாருக்கும் காட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் கிழித்துவிடு. கிழிக்க மனம் வராவிட்டால் பூட்ஸுக்குள் போட்டு வை. உன்னோடு தங்கியிருப்பவர்களில் நம் ஊர்ப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால், உனக்குத் தங்கை இருக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடாதே. என் வகுப்புப் பிலாரின் அத்தை மகன் நெவாடாவில் தங்கச் சுரங்கத்தில் சேர்ந்தான் இல்லையா, அவன்தான் உன்னைச் சாப்பாட்டு வரிசையில் பார்த்ததாக அவர்களுக்கு எழுதியிருந்தான். உன் விலாசம் அப்படித்தான் கிடைத்தது. பதில் போட்டால் பிலார் வீட்டுக்குப் போடு. உறையின் மேல் உன் பெயர் வேண்டாம்.

கூரையில் வீட்டைக் குளிர்விக்கும் ஈரக்காற்றுப் பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. அது இரைகிற வரைக்கும் பேனா உரசும் சத்தம் அப்பாவுக்குக் கேட்காது.

போன செப்டம்பரில், மலை ஏற்றத்தில் கார் கொதித்த அன்று, நீ யாரோ ஒருவருடைய பிக்கப்பில் ஏறிப் போனாய். அன்றிலிருந்து உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. யாரும் என்றால் என்ன, நானும் அப்பாவும்தான். ஒரு தடவை சாப்பிடும்போது வாய் தவறி, "இது கர்ட்டிஸுக்குப் பிடிக்கும்" என்றேன். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவன் பேரைச் சொல்றவங்க, அவனுக்கு எழுதுறவங்க, யாரா இருந்தாலும் ஓரிகானுக்கு உங்கம்மாகிட்டயே போய் இருந்துக்கலாம்."

சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அம்மாவின் புது வீட்டில் எனக்குக் கட்டில்கூடக் கிடையாது, உனக்கே தெரியும்.

ஆனாலும் எழுதுகிறேன். காரணம் கார். ஒரு வருடமாகக் கான்வாஸுக்குள் கிடந்ததை அப்பா போன ஞாயிற்றுக்கிழமை உருவினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த அடர்பச்சை அப்படியே இருந்தது, கர்ட்டிஸ். தூசியின் அடியிலிருந்து ஏதோ பெரிய விலங்கு கண்ணைத் திறக்காமலே விழித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஓடிப்போய் அதைத் தொடத் தோன்றியது. சின்ன வயதிலிருந்து தினம் பார்த்த காரைப் பார்த்து இப்படி ஆகும் என்று நான் நினைத்ததில்லை.

பழைய ரேடியேட்டர் ஒழுகுகிறது. தரையில் பச்சைக் கறை. புதிதாக வாங்க அப்பா உதிரிபாகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கங்களை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். ஒரு பக்கத்தில் நான்கு வரிசைச் செம்பு ரேடியேட்டர். இன்னொன்றில் அலுமினியம். விசிறியும் அப்படித்தான். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற பழைய மாதிரியா, நீ மாட்டிய மின்விசிறியா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆர்டர் போடப் போகிறார். மாதக் கடைசியில் கார் கிளப்பின் ஏற்றம், அதே ஏழு மைல் மலைச்சாலையில். இந்த முறையும் நான்தான் கூடப் போக வேண்டும்.

நேற்று ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வாட்டியும் கொதிச்சா, டூசான்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்."

நீயும் அவரும் சேர்ந்து கட்டிய கார் அது. அது போய்விட்டால் நீ திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கும்? எந்த ரேடியேட்டர் என்று எனக்குச் சொல். எப்படியாவது அதையே வாங்க வைக்கிறேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

மார்லா


எல்கோவுக்கு வடக்கே, நெவாடா
11 ஆகஸ்ட்

வாலு,

என் பூட்ஸின் நாற்றம் தெரிந்திருந்தால் அதற்குள் வைக்கச் சொல்லியிருக்க மாட்டாய். தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. பயப்படாதே.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காரைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. விற்கட்டும். பெற்ற மகனை, அதுவும் பத்தொன்பது வயதில், கிளப் ஆட்கள் மொத்தப் பேரும் வேடிக்கை பார்க்க, நெஞ்சில் கை வைத்துச் சரளைக் கல்லில் தள்ளிவிட்டார். எழுந்து பார்த்தால் இன்னும் ஓங்கிய கையோடு நிற்கிறார். வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "உன் ஃபேனு!" அவ்வளவுதான். உன் ஃபேனு. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு என்ன தலையெழுத்து? கொதித்த இடம் அவருடைய தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் என்பது அவருக்கு அவமானம். புரிகிறது. கவுண்டிச் சாலைத் துறையில், கொதிக்கிற வண்டிகளுக்காக அந்த ஏற்றத்தில் வைத்த பீப்பாய்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிற மனுஷன், தானே புகை கக்கிக்கொண்டு பீப்பாய் பக்கத்தில் நின்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். அதற்கு நான் விழ வேண்டுமா?

சரி, விடு.

நான்கு வரிசைச் செம்பு வேண்டாம். சும்மா சொல்லி வைக்கிறேன். தண்ணீர் போகிற குழாய்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். காற்று முதல் வரிசையைத் தாண்டும்போதே சூடாகிவிடும். நான்காவது வரிசைக்குப் போய்ச் சேரும்போது அந்தக் காற்றால் ஒன்றையும் ஆற்ற முடியாது. தடிமனாக இருப்பதால் காற்று உள்ளே நுழையவே திணறும். அகலக் குழாயாக இரண்டே வரிசை, அலுமினியத்தில். அது போதும். எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறோம் என்பதை மறக்காதே. ஆனால் அப்பாவிடம் அலுமினியம் என்று சொல்லிப் பார். "பீர் டப்பாவையெல்லாம் என் வண்டி மூக்குல மாட்ட மாட்டேன்" என்பார். மூன்று வருடம் என்னோடு இதே சண்டை.

இங்கே ஒன்றை நீ பார்க்க வேண்டும். மண் அள்ளுகிற லாரிகளில்தான் எனக்கு வேலை. ஒரு சக்கரம் நம் வீட்டுக் கூரை உயரம். அதன் ரேடியேட்டரைக் கிரேன் வைத்துத் தூக்கிக் கழற்றினோம். சமையலறைச் சுவரைப் பெயர்த்தெடுத்த மாதிரி காற்றில் ஆடியது. சூரியன் அதற்குப் பின்னால் வந்தபோது, லட்சக்கணக்கான தகட்டு இடுக்குகள் வழியாக ஒளி பொடிப்பொடியாக எங்கள் மேல் விழுந்தது. என் கூட இருந்த ஆள் ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் இனம், ஆடு மேய்த்த குடும்பம், லேசில் எதற்கும் அசையமாட்டான். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். "சர்ச்சு மாதிரி இருக்குடா" என்றான். விசிறி என்னைவிட உயரம். அதன் நடுவில் நின்று கையை விரித்தேன், இரண்டு பக்கமும் எட்டவில்லை. இத்தனையும் எதற்கு? கொஞ்சம் தண்ணீரைக் கொஞ்சம் காற்றில் காட்டுவதற்கு. வேறொன்றும் இல்லை. அவ்வளவு பெரிய சூடு இவ்வளவு எளிய வழியில் வெளியே போகிறது என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்று தெரிய வேண்டும். கார் நிற்கும்போது சூடாகிறதா, ஓடும்போதா? நிற்கும்போது என்றால் விசிறியில் கோளாறு. ஓடும்போது என்றால் ரேடியேட்டரிலோ, அதன் வழியே காற்று போகிற பாதையிலோ கோளாறு. அன்றைக்கு இருந்த கலவரத்தில் நான் கவனிக்கவில்லை. சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இரு. இன்னொன்று: அவர் இல்லாத நேரம் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி விசிறிச் சுவிட்சைப் போடு. முன்பக்கம் ரேடியேட்டர் மேல் ஒரு தாளை வை. ஒட்டிக்கொண்டால் விசிறி நன்றாக இழுக்கிறது. பறந்தால், அப்பா சொன்னது சரி. என் விசிறி உதவாது.

பறக்காது.

கர்ட்டிஸ்


மெஸ்கிட் வெல்ஸ்
16 ஆகஸ்ட், வெள்ளி இரவு

கர்ட்டிஸ்,

பறக்கவில்லை!

புதன்கிழமை பள்ளி விட்டதும் பிலாரும் நானும் ஷெட்டுக்குள் போனோம். சாவி எப்போதும்போல காபி டப்பாவில் இருந்தது. பிலாரை உட்கார வைத்து, ஒரு படி மட்டும் திருப்பு என்று நூறு முறை சொன்னேன். அவள் இரண்டு படி திருப்பிவிட்டாள். எஞ்சின் பற்றிக்கொண்டது. கர்ட்டிஸ், அந்தச் சத்தம்! ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. தெருக்கோடி நாய்கள் குரைத்தன.

"அடியே செத்தோம்டி!" என்று பிலார் கத்துகிறாள்.

"நிறுத்துடி!"

"எப்படி நிறுத்துறது? இது என்னைத் தின்னுடும்போல இருக்கு!"

"சாவியைத் திருப்புடி, கழுதை!"

நிறுத்தினாள். பிறகு ஒரு படி. விசிறிச் சுவிட்சை நான் போட்டேன். கையில் வேறு தாள் இல்லை, உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் இருந்தது. முன்னால் குனிந்து கம்பிகளின் இடுக்கு வழியாக அதை நீட்டினேன். என் விரலிலிருந்து அது தானாக உருவிக்கொண்டு போய் ரேடியேட்டர் மேல் ஒட்டிக்கொண்டது. நான் தொடவே இல்லை. உன் கையெழுத்து அங்கே நடுங்கிக்கொண்டு நின்றது, யாரோ மறுபக்கத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருப்பதுபோல. காற்றுக்குக் கை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பிலார்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். நேராக ஷெட்டுக்குப் போய், காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். எஞ்சின் ஓடியதைத் தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னைப் பார்த்தார். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவின தட்டையே மறுபடி கழுவினேன்.  அவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. 

இன்று காலை என்னை அதே காரில் பள்ளிக்குக் கூட்டிப் போனார். நான் முள்ளை மட்டும் பார்த்தேன். நெடுஞ்சாலையில் வேகம் ஏற ஏற முள் மேலே போனது. வெயில்கூட வரவில்லை, அப்படியும் ஏறியது. ஊருக்குள் சிக்னலில் நின்றோம். நின்றதும் மெல்ல இறங்கியது. நின்றால் இறங்குகிறது, ஓடினால் ஏறுகிறது. எனக்குத் தலைகீழாகப் படுகிறது. உனக்கு ஏதாவது புரிகிறதா?

நாளைக்கு ஆர்டர் போடுகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன். "அப்பா, நாலாவது வரிசைக்குப் போறதுக்குள்ள காத்து சூடாயிடாதா?"

அவர் திரும்பி நின்று என்னைப் பார்த்தார். "எங்க படிச்ச இத?"

"லைப்ரரில."

"ம்." புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதை ஆர்டர் செய்யப் போகிறார் என்று தெரியவில்லை.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அன்று அவர் உன்னை அவமானப்படுத்தத் தள்ளினார் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் பிலார் வீட்டுக் குளியலறையில் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரிந்தும் கோபித்துக்கொண்டு போனாய் என்று உன் மேல்கூட எனக்குக் கோபம் இருந்தது.

நான் பின்சீட்டில், பக்கக் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு இருந்தேன். இறங்காதே என்று சொல்லியிருந்தார். நீ எஞ்சின் மேல் குனிந்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தாடைக்குக் கீழே ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸ் உப்பிக்கொண்டிருந்தது, பாம்பு எலியை விழுங்கிய மாதிரி. நீ பார்க்கவில்லை. பக்கவாட்டிலிருந்து அப்பா பார்த்தார். ஒரு கையால் உன்னைத் தள்ளினார். இன்னொரு கை அப்போது எஞ்சின் மேல் இருந்தது. நீ விழுந்த அதே நொடி அது வெடித்தது. உன் முகம் இருந்த இடத்தில்தான் ஆவி நின்றது, கர்ட்டிஸ். வெள்ளையாக, தூண் மாதிரி, ஆள் உயரத்துக்கு. நீ எழுந்தபோது பார்த்த ஓங்கிய கை, வெந்த கை. தாங்க முடியாமல் தூக்கிப் பிடித்திருந்தார். புகையில் உனக்குத் தெரிந்திருக்காது. நீ பிக்கப்பில் ஏறிப் போன பிறகுதான் அந்தக் கையை அவர் பீப்பாய்க்குள் விட்டார். அங்கிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். தோல் சுருங்கி, உருகிய மெழுகு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கக் கூடாது.

மார்லா


20 ஆகஸ்ட்

மார்லா,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கினேன். அந்த ஹோஸை மாட்டியவன் நான். பழசாகிவிட்டது, மாற்று என்று அவர் சொல்லியிருந்தார். விசிறி வேலை முடியட்டும், மாற்றுகிறேன் என்றேன். வேறென்ன எழுதுவது? இன்று வேலையில் ஒரு லாரியின் மூடியைத் திறந்தபோது ஆவி லேசாகச் சீறியது, நான் நாலடி பின்னால் குதித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது கவனமாகப் படி. எனக்குப் புரிந்துவிட்டது.

நின்றால் இறங்குகிறது, ஓடினால் ஏறுகிறது. விசிறியில் குற்றம் இல்லை. ரேடியேட்டர் ஒழுகினாலும் அதுவும் காரணம் இல்லை. காரணம் நான் அடித்த தகரக் கூடு. ரேடியேட்டரின் முதுகை முழுக்க மூடி, விசிறிக்கு மட்டும் வட்டமாக ஓட்டை வெட்டியிருந்தேனே, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, கண்காட்சியில் எல்லோரும் குனிந்து பார்த்தார்களே, அதுதான். நிற்கும்போது அது சரி. விசிறி இழுக்கிற காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாக மட்டுமே வரும். ஆனால் கார் ஓடும்போது முன்னாலிருந்து காற்று தானாகவே மலைபோல் வந்து மோதும். அதற்கு வெளியே போக அந்த ஒரு வட்டத்தைத் தவிர வழியில்லை. அறை முழுக்க ஆட்கள், ஒரே ஒரு கதவு. அப்படி நெரித்துவிட்டேன். நிற்கிற கார் அழகாக இருக்கவேண்டும் என்று கட்டினேன். ஓடுகிற காரை நினைக்கவே இல்லை.

"உன் ஃபேனு" என்றார். கிட்டத்தட்டச் சரியாகத்தான் சொன்னார். அவருக்கு ஏன் என்று தெரியாது, எனக்கோ கோளாறு என்னுடையது என்பதே தெரியவில்லை.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. மெல்லிய ரப்பர் தகட்டில் நான்கு மடல்கள் வெட்டியிருக்கிறேன். கூட்டின் நான்கு மூலைகளிலும் சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு மடல், மேல் விளிம்பில் மட்டும் ரிவெட் ஆணி. கீழ் விளிம்பு சும்மா தொங்கட்டும். கார் நிற்கும்போது விசிறியின் இழுப்பில் மடல் படிந்து மூடிக்கொள்ளும். ஓடும்போது காற்று தள்ளித் திறந்துகொள்ளும். யாரும் எதையும் தொட வேண்டாம். புது ரேடியேட்டர் எதுவாக வந்தாலும் இது வேண்டும். அவர் எஞ்சின் விசிறிக்கே திரும்பிவிட்டால் என் கூட்டையே தூக்கி எறியட்டும், அதுவும் நல்லதுதான்.

அவரிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. நூலகத்தில் படித்ததாகவே சொல்.

கர்ட்டிஸ்


24 ஆகஸ்ட்

மார்லா,

ஒரு வரி கூடுதலாக. ஏற்றத்துக்கு முந்தைய நாள் வெள்ளியும் அடுத்த மூன்று நாளும் எனக்கு விடுப்புக் கிடைத்திருக்கிறது. நான் கேட்டுத்தான் கொடுத்தார்கள். பத்து மணி நேரம் ஓட்டினால் வந்துவிடலாம். ஆனால் வரமாட்டேன். அவர் கூப்பிடாத வீட்டின் முன்னால் போய் நின்று, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவேன்? இதை அவரிடம் சொல்லாதே. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதினேன்.

மடல்கள் வந்து சேர்ந்தனவா?

கர்ட்டிஸ்


மெஸ்கிட் வெல்ஸ்
29 ஆகஸ்ட், வியாழன் இரவு

கர்ட்டிஸ்,

எல்லாம் வந்து சேர்ந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் கை ஓடுகிறது. கூரைப் பெட்டி இன்று பழுது, வீடு அமைதியாக இருக்கிறது. அதனால் போர்வைக்குள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

ரேடியேட்டர் போன வாரமே வந்தது. அப்பா கத்தியால் அட்டையைக் கிழிக்கும்போது நான் பின்னால் நின்றேன். காகிதத்தை விலக்கினார். வெள்ளையாக மின்னியது. அலுமினியம். இரண்டு வரிசை.  அவர் என்னைப் பார்க்காமலே, "பீர் டப்பா" என்றார். "எவ்ளோ லேசு பாரு. ஒத்தக் கையில தூக்கலாம்." முழுக்கைச் சட்டைக்குள் இருக்கும் அந்தக் கையால்தான் தூக்கிக் காட்டினார்.

பழைய விசிறிக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. உன்னுடையதையே துடைத்து எடுத்து வைத்தார். உன் கூட்டையும். ஒட்டுப் போட்டு ஓட்டிய பழைய ஹோஸ் போய், இப்போது இரண்டும் புதிது.

உன் பொட்டலம் சனிக்கிழமை பிலார் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாயங்காலம் அவர் கூட்டை மேசையில் வைத்திருந்தபோது போய் நின்றேன். நான்கு மூலையையும் வெட்ட வேண்டும், மடல் வைக்க வேண்டும், நின்றால் மூடும், ஓடினால் திறக்கும் என்று நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். ஓடும்போது காற்றுக்கு ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது என்றேன்.  அவர் கூட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வட்டத்தின் வழியாகப் பார்த்தார். அப்புறம் மூலைகளைப் பார்த்தார். 

"லைப்ரரியா?"

"ஆமாப்பா."

நான் மடல்களை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். சுரங்கத்துத் தூசியும் கிரீஸும் நாறின, எனக்கே மூக்கில் ஏறியது.

"இந்த ரப்பரும் லைப்ரரிலதான் குடுத்தாங்களா?"

நான் செத்தேன் என்று நினைத்தேன். ஓரிகான் என் கண் முன்னால் வந்தது.  அவர் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து, "இந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். பாலிஷ் போட்ட உன் தகரத்தில் முதல் வெட்டு விழுந்தபோது அவர் முகத்தைச் சுளித்தார், தன் தோலில் விழுந்த மாதிரி. "எவ்ளோ ஒழைச்சிருக்கான்" என்றார். பெயரைச் சொல்லவில்லை. "ஒழைச்சிருக்கான்" என்று மட்டும்.

அதற்குப் பிறகு நான்கு நாள் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.  ஒவ்வொரு ராத்திரியும் காலடி கேட்டால் தாளைத் தலையணைக்குக் கீழே தள்ளுகிறேன்.

இன்று விடிவதற்கு முன்னால் என்னை எழுப்பினார். பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். எஞ்சின் வெட்டவெளியில், நெஞ்சைத் திறந்து வைத்தது மாதிரி. "ஏறு. பாக்கணும்ல" என்றார். ஏற்றத்தை நோக்கிப் புறப்பட்டோம். கிழக்கே மலை கறுப்பாக, அதன் விளிம்பு மட்டும் சிவப்பாக இருந்தது. ராத்திரி மழை எங்கோ பெய்திருக்கிறது, பாலைவனம் முழுக்கப் புதர் வாசனை. ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தியபோது நான் எழும்பிப் பார்த்தேன். கூட்டின் மேல் மூலை இரண்டிலும் மடல்கள் படிந்து மூடிக் கிடந்தன.

அப்பா மிதித்தார்.

கர்ட்டிஸ், அவை திறந்தன. முதலில் ஓரம் மட்டும் லேசாகத் துடித்தது. அப்புறம் வேகம் ஏற ஏற மெல்ல மேலே எழும்பின, தூங்குகிற பல்லி கண்ணைத் திறப்பதுபோல. அப்புறம் முழுசாக நிமிர்ந்து காற்றில் நின்றன. யாரும் தொடவில்லை. நீ எங்கேயோ ஒரு கொட்டகையில் உட்கார்ந்து வெட்டிய ரப்பர், இங்கே இந்தச் சாலையில், அதற்கு எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.  முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. அடிவாரம் தாண்டி ஏற்றத்தில் ஏறினோம். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. எஞ்சின் முழங்குகிறது, மலை அதைத் திருப்பி முழங்குகிறது, முள் மட்டும் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நிற்கிறது. இவ்வளவு நெருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொருள் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தப் பீப்பாய் வந்தது. அப்பா அங்கே நிறுத்தினார். நிறுத்தியதும் மடல்கள் இரண்டும் தானாக இறங்கி மூடிக்கொண்டன. விசிறி சுற்றியது. அவர் இறங்கிப் போய், நீ அன்று குனிந்து நின்ற அதே இடத்தில் குனிந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கையை வெளிச்சத்தில் பார்த்தேன். வெந்த உள்ளங்கையை மடலின் மேல் வைத்து, காற்று அதை இழுத்துப் பிடித்திருப்பதைத் தொட்டுப் பார்த்தார். சூரியன் மேலே வந்துவிட்டது. அவர் அசையவில்லை. கோவிலில் நிற்கிறவரைப் பார்ப்பதுபோல நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அவன் மூஞ்சில ஒண்ணும் படலையே அன்னிக்கு?"

"படலப்பா."

"நீ நல்லா பாத்தியா?"

"பாத்தேன். ஒரு சொட்டுகூடப் படல."

"அவன் எந்திரிச்சுப் போனப்ப எனக்குக் கண்ணு தெரியல. வலி. பாக்கவே முடியல." வண்டியைக் கிளப்பினார்.  ஒரு வருடமாக அவருக்கு இதுகூடத் தெரியாது, கர்ட்டிஸ். உன் முகம் வெந்ததா இல்லையா என்று தெரியாமலே, கேட்கவும் முடியாமல், பெயரையே வீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அதுதான் எனக்கு

காலடி. நடையில் யாரோ வருகிறார்கள். அப்பாதான். விளக்கை அணைக்க நேரமில்லை.

கதவைத் தட்டுகிறார். அவர் தட்டியதே கிடையாது, திறந்துகொண்டுதான் வருவார். இப்போது வெளியிலேயே நின்று பேசுகிறார்: "மார்லா, ஒளிச்சு வைக்காத. லெட்டர் போய்ச் சேர மூணு நாளாகும், நாளன்னிக்கு ஏத்தம். அவன் இருக்கிற எடத்தோட பேரை மட்டும் சொல்லு, போன் நம்பர் நான் விசாரிச்சுக்கறேன். எந்திரிச்சு வாம்மா."

கர்ட்டிஸ், நான்